சாய்வை எங்கிருந்து தொடங்குவது: கோணமா, சூத்திரமா, ஆட்டோ மீட்டரா?

நேரிய சமன்பாடுவரை பிள்ளைகள் ஒருவழியாக வந்துவிடுகிறார்கள். எக்ஸுக்கு ஒரு எண் கொடுத்தால் ஒய் கிடைக்கும். இரண்டும் சேர்ந்தால் ஒரு புள்ளி. நாலைந்து புள்ளி வைத்து அளவுகோலால் இணைத்தால் கோடு. கை பழகிவிடும். அடுத்து சாய்வு வருகிறது. பிள்ளைக்கு "இது எதுக்கு?" என்ற கேள்வி எழுவதும் அங்கேதான், சொல்லிக்கொடுக்கும் அம்மா அப்பாவுக்கும் ட்யூஷன் எடுப்பவருக்கும் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் போவதும் அங்கேதான்.

காரணம், சாய்வுக்குள் போக மூன்று வழி இருக்கிறது. கோடு எக்ஸ் அச்சோடு என்ன கோணத்தில் நிற்கிறது என்று பார்த்து, அந்தக் கோணத்தின் டேன் மதிப்புதான் (செங்கோண முக்கோணத்தில் எதிர்ப்பக்கத்தை அடுத்துள்ள பக்கத்தால் வகுத்தது) சாய்வு என்பது ஒன்று. இரண்டு புள்ளியைக் கொடுத்து, ஒய்களின் வித்தியாசத்தை எக்ஸ்களின் வித்தியாசத்தால் வகு என்று சூத்திரத்தைக் கையில் கொடுத்துவிடுவது இன்னொன்று. ஒரு அளவு ஒன்று கூடினால் மற்றது எவ்வளவு கூடுகிறது என்று மாறும் வீதமாகப் பார்ப்பது மூன்றாவது. மூன்றிலும் கிடைப்பது ஒரே எண்தான். ஆனால் எதை முதலில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பாடம் மனதில் ஒட்டுவதும் ஒட்டாததும் மாறுகிறது. என் ஓட்டு மூன்றாவதுக்கு. கோணம் கடைசியில் வந்தால் போதும். பரீட்சை பக்கத்தில் வந்துவிட்டது என்றால் மட்டும் பதில் வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

எந்தப் பாடத்திட்டத்தில் எப்படி வருகிறது

தமிழ்நாட்டுச் சமச்சீர் பாடத்தில் ஒன்பதாம் வகுப்பின் மூன்றாவது அலகு இயற்கணிதம். இரு மாறி நேரிய சமன்பாடுகள், அவற்றின் வரைபடம், தீர்க்கும் முறைகள் எல்லாம் அதில் வந்துவிடும். சாய்வு என்ற சொல் முறையாக வருவது பத்தாம் வகுப்பின் ஐந்தாவது அலகான ஆயத்தொலை வடிவியலில். 2019-இல் வந்த புதிய புத்தகம் அதைச் சாய்வுக் கோணத்தில் தொடங்கி, டேன் தீட்டா (தீட்டா என்பது அந்தக் கோணம்) என்று வரையறுத்து, பிறகு இரு புள்ளிச் சூத்திரத்துக்குப் போகிறது. டேன் என்றால் என்ன என்பது ஒன்பதாம் வகுப்பு முக்கோணவியலில் வந்ததை நினைவு வைத்திருந்தால்தான் இந்த இடம் புரியும்.

சிபிஎஸ்இ பிள்ளைகளின் நிலை இன்னும் விசித்திரம். இத்தனை வருடமாக இருந்துவந்த என்சிஇஆர்டி புத்தகங்களில் ஒன்பதிலும் பத்திலும் நேரிய சமன்பாடுகள் இருக்கும். சாய்வு பதினொன்றாம் வகுப்பு 'நேர்கோடுகள்' பாடத்தில்தான் வரும். இரண்டு கோடுகள் எப்போது வெட்டும், எப்போது இணையாக ஓடும், எப்போது ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும் என்பதற்கான விகித நிபந்தனைகளைப் பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்கிறார்கள்; அது ஏன் அப்படி என்று ஒரு வருடம் கழித்துத்தான் தெரிகிறது.

அமெரிக்காவில் பல மாநிலங்கள் எடுத்துக்கொண்ட 2010-ஆம் வருட காமன் கோர் தரவரையறை நேர்மாறானது. ஏழாம் வகுப்பில் 'ஒரு அலகுக்கு எவ்வளவு' என்ற வீதம். எட்டாம் வகுப்பில் அதே வீதம் வரைபடத்தில் சாய்வாகிறது. ஒரு கோட்டில் எந்த இரண்டு புள்ளியை எடுத்தாலும் சாய்வு மாறாது என்பதை வடிவொத்த முக்கோணங்களை வைத்து விளக்கவேண்டும் என்றும் அதில் இருக்கிறது. கோணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. முக்கோணவியல் அங்கே உயர்நிலைப் பள்ளிக்குத் தள்ளிப்போகிறது. சான் பிரான்சிஸ்கோவில் 2014-இல் இயற்கணித வகுப்பையே எட்டிலிருந்து ஒன்பதுக்குத் தள்ளினார்கள். 2024 மார்ச் வாக்கெடுப்பில் மக்கள் அதை எட்டுக்கே திரும்பக் கொண்டுவரச் சொன்னார்கள். எந்த வயதில் என்பதில் அங்கே அவ்வளவு சண்டை நடந்தது.

இலங்கைப் பாடநூல்களில் இதைப் படித்திறன் என்பார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கும் மதுரைப் பிள்ளைக்கும் சேர்த்து இணையத்தில் வகுப்பு எடுப்பவர்கள் இரண்டு சொல்லையும் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

கோணத்தில் ஆரம்பித்தால்

இதற்கு நல்ல பக்கம் உண்டு. இணைகோடுகளுக்கு ஒரே சாய்வு என்பதைக் கோணம் வழியாகச் சொன்னால் ஒரே வரியில் முடிந்துவிடும். செங்குத்துக் கோட்டுக்குச் சாய்வு வரையறுக்க இயலாது என்பதும் அப்படித்தான்: 90 பாகைக்கு டேன் கிடையாது, அவ்வளவுதான். பதினொன்று, பன்னிரண்டில் தொடுகோடு, வகைநுண்கணிதம் வரும்போது இந்தப் பார்வை மறுபடியும் தேவைப்படும். புத்தகமும் அப்படி இருப்பதால் பள்ளியும் வீடும் ஒரே மாதிரி சொல்லும்.

இருந்தாலும் முதல் படிக்கு இது சரிப்படாது என்பேன். முதல் காரணம், கோணமும் சாய்வும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. 45 பாகைக்குச் சாய்வு 1. 60 பாகைக்கு 1.73. 80-க்கு 5.67. 89-க்கு 57.29. கோணம் இரட்டிப்பானால் சாய்வும் இரட்டிப்பாகும் என்று பிள்ளை நினைத்துக்கொள்வது இயல்பு. அது தப்பு என்று சொல்லித் திருத்துவதிலேயே ஒரு வகுப்பு போய்விடும்.

நிஜத்தில் நாம் காணும் சாய்வுகள் கோணக் கணக்கில் மிகச் சிறியவை என்பதையும் பார்க்கவேண்டும். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 12 அடி நீளத்துக்கு 1 அடிக்கு மேல் ஏறக்கூடாது என்பது பொதுவான விதி. அது 5 பாகைகூட வராது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி போகும் மலை ரயில் மிகச் செங்குத்தான இடத்தில் ஏறுவதும் ஏறத்தாழ அதே 12-க்கு 1 தான். அதற்கே சாதாரண தண்டவாளம் போதாமல் நடுவில் பல்சட்டம் போட்டிருக்கிறார்கள். 5 பாகை என்று சொன்னால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. 12 அடி போனால் 1 அடி ஏற்றம் என்றால் புரிந்துவிடும். ரயில்வேக்காரர்களும் கட்டிடக்காரர்களும் பாகையில் பேசாமல் 'இத்தனைக்கு ஒன்று' என்று பேசுவது இதனால்தான். (அந்த ரயிலைப் பற்றி இன்னொன்று: மொத்தம் 46 கி.மீ. தூரத்தில் சுமார் 326 மீட்டரிலிருந்து 2,200 மீட்டர்வரை ஏறுகிறது. வகுத்துப் பார்த்தால் சராசரி 25-க்கு 1 அளவுக்கு வரும். சராசரி ஒன்று, உச்சம் ஒன்று. நேர்கோடாக இல்லாத பாதைக்கு ஒரே சாய்வு கிடையாது என்று காட்ட இதைவிட நல்ல உதாரணம் தேடவேண்டாம்.)

மூன்றாவது காரணம்தான் பெரியது. இரண்டு அச்சிலும் ஒரே வகை அளவு இருந்தால்தான் கோணத்துக்கு அர்த்தம். ஒரு அச்சில் கிலோமீட்டர், இன்னொன்றில் ரூபாய் என்றால் கோணம் என்பது நாம் எடுக்கிற அளவுத்திட்டத்தைப் பொறுத்தது. கி.மீ.க்கு 12 ரூபாய் என்ற கோட்டை வரையும்போது 1 செ.மீ.க்கு 1 கி.மீ., 1 செ.மீ.க்கு 10 ரூபாய் என்று எடுத்தால் தாளில் கோணம் சுமார் 50 பாகை. ரூபாயை 1 செ.மீ.க்கு 20 என்று மாற்றினால் 31 பாகை. சாய்வு இரண்டிலும் 12 தான். ஆனால் 12-க்கு உரிய டேன் கோணம் 85 பாகைக்கு மேல்! பாகைமானியை வைத்து அளக்கும் கெட்டிக்காரப் பிள்ளை இந்த இடத்தில் குழம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

சூத்திரத்தில் ஆரம்பித்தால்

ட்யூஷன்களில் அதிகம் நடப்பது இதுதான். சூத்திரத்தை எழுது, பத்துக் கணக்கு போடு, முடிந்தது. கேலி செய்யமாட்டேன், மதிப்பெண்ணுக்கு இது வேலை செய்யும். பத்தாம் வகுப்பில் பரீட்சை பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கு வேறு எதையும் ஆரம்பிக்கக்கூடாது. அந்தச் சமயத்தில் புதிதாக ஒரு பார்வையைக் கொண்டுபோனால் இருக்கிறதும் கலைந்துவிடும்.

ஆனால் சூத்திரத்தை மட்டும் நம்பும் பிள்ளை எங்கே சறுக்கும் என்பதைத் தெரிந்துவைத்துக்கொண்டால் அந்த நாட்களைச் சரியாகச் செலவழிக்கலாம். புள்ளிகள் (−2, 7), (4, −5) என்று வைத்துக்கொள்வோம். மேலே −5−7 = −12. கீழே 4−(−2) = 6. சாய்வு −2. இதில் வரும் தவறுகள் பெரும்பாலும் மூன்று வகைதான். 4−(−2) என்பதை 2 என்று எழுதி −6 வரவழைப்பது. மேலே இரண்டாவது புள்ளியிலிருந்து முதலாவதைக் கழித்துவிட்டு, கீழே முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்து +2 கொண்டுவருவது. எக்ஸ் வித்தியாசத்தை மேலே போட்டு −1/2 எழுதுவது. மூன்றுக்கும் ஒரே மருந்து: புள்ளிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு பத்தியில் எழுதி, பத்திக்குப் பக்கத்திலேயே 'எவ்வளவு மாறியது' என்று குறிக்கவேண்டும். எக்ஸ் −2-இலிருந்து 4-க்குப் போக 6 ஏறியது. ஒய் 7-இலிருந்து −5-க்குப் போக 12 இறங்கியது. 6 ஏற 12 இறக்கம், ஆக ஒன்றுக்கு 2 இறக்கம். கவனித்தால் சூத்திரம் இங்கே வீதமாக மாறிவிட்டது தெரியும்.

சூத்திர வழியில் காணாமல்போவது வேறு ஒன்று. "இதே கோட்டில் வேறு இரண்டு புள்ளி எடுத்தால் சாய்வு என்ன வரும்?" என்று கேட்டுப்பாருங்கள். சூத்திரம் மட்டும் தெரிந்த பிள்ளை மறுபடி கணக்குப் போட ஆரம்பிக்கும். ஒரே விடைதான் வரும், அதனால்தான் அது கோடு என்பது அதற்குத் தெரியாது. கிடைக்கோட்டுக்குச் சாய்வு 0, செங்குத்துக் கோட்டுக்கு வரையறுக்க இயலாது என்பதும் இரண்டு வரி மனப்பாடமாக நிற்கும். ஆறு மாதத்தில் ஒன்றை மற்றதோடு மாற்றிச் சொல்லும்.

மீட்டர் கட்டணத்தில் ஆரம்பித்தால்

தமிழக அரசு 2013-இல் சென்னை ஆட்டோக்களுக்கு நிர்ணயித்த கட்டணம்: முதல் 1.8 கி.மீ.க்குக் குறைந்தபட்சம் 25 ரூபாய், அதற்குமேல் கி.மீ.க்கு 12 ரூபாய். (எந்த ஆட்டோவில் மீட்டர் ஓடியது என்று கேட்காதீர்கள். கணக்குக்கு அரசாணை போதும்.) பாடப்புத்தகத்துக்காக யாரோ யோசித்து எழுதியதுபோல அவ்வளவு நல்ல எண்கள் இவை.

பிள்ளையிடம் ஒரு பட்டியல் போடச் சொல்லுங்கள். 1.8 கி.மீ.க்கு 25. 2.8-க்கு 37. 3.8-க்கு 49. 4.8-க்கு 61. ஒவ்வொரு கி.மீ.க்கும் 12 கூடுகிறது. 2.8-க்கும் 4.8-க்கும் நடுவில் 2 கி.மீ., 24 ரூபாய். வகுத்தால் மறுபடி 12. அரை கி.மீ. போனால் 6, 6-ஐ 0.5-ஆல் வகுத்தாலும் 12. எந்த இரண்டு வரியை எடுத்தாலும் 12 தான் வருகிறது என்பதைப் பிள்ளையே கண்டுபிடித்துச் சொல்லும்வரை சூத்திரம் என்ற சொல்லை எடுக்கவேண்டாம். அது வந்தபிறகு, "இந்த 12-ஐத்தான் சாய்வு என்கிறோம், நீ செய்த வகுத்தலைத்தான் இப்படி எழுதுகிறோம்" என்று சூத்திரத்தை எழுதினால் அது புதிய பாடமாகத் தெரியாது.

வரைபடம் போட்டால் இன்னொன்றும் கிடைக்கிறது. 0-இலிருந்து 1.8 வரை கோடு படுத்துக் கிடக்கிறது: எவ்வளவு தூரம் போனாலும் 25 தான், கூடுவது 0. சாய்வு 0 என்பதை இங்கே விளக்கவே வேண்டாம். அப்புறம் ஓர் இடத்தில் மடிந்து மேலே ஏறுகிறது.

இப்போது ஒரு குறும்புக் கேள்வி. 5 கி.மீ.க்கு 63.40 ரூபாய். அப்படியென்றால் 10 கி.மீ.க்கு? 126.80 என்று சட்டென்று வரும். போட்டுப் பார்த்தால் 123.40. இரட்டிப்பைவிட 3.40 குறைவு. நேர்விகிதம் வேறு, நேரிய உறவு வேறு என்பதை எத்தனை வரையறை எழுதினாலும் இந்த 3.40 சொல்வதுபோலச் சொல்லமுடியாது. அந்த 3.40 எங்கிருந்து வந்தது? ஏறும் கோட்டை அப்படியே பின்னால் நீட்டினால் அது ரூபாய் அச்சை வெட்டும் இடம்தான் அது: 25 − 12 × 1.8 = 3.4. அதுதான் ஒய் வெட்டுத்துண்டு.

இந்த வழியின் பலவீனங்களையும் மறைக்கக்கூடாது. நேரம் பிடிக்கும்; சூத்திரத்தை ஐந்து நிமிடத்தில் எழுதிப்போடலாம், இதற்கு இரண்டு மூன்று உட்காரல் வேண்டும். குறைச் சாய்வுக்குக் காலியாகும் தண்ணீர்த் தொட்டி, இறங்கும் செல்போன் சார்ஜ் என்று கதை கிடைக்கும். ஆனால் −7/3 என்ற சாய்வுக்கும் (−4, −9) என்ற புள்ளிக்கும் கதை கட்டமுடியாது, கட்டவும் கூடாது. ஒரு கட்டத்தில் கதையை விட்டுவிட்டு எண்ணோடு மட்டும் வேலை செய்யப் பழகவேண்டும். கதையிலேயே தங்கிவிடும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள்; அவர்களின் பிள்ளைகளுக்கு ஆட்டோ தெரியும், கணக்கு தெரியாது.

உதாரணத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். பலர் மின்கட்டணத்தை எடுக்கிறார்கள். தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணத்தில் முதலில் கொஞ்சம் யூனிட் இலவசம், அதற்குமேல் அடுக்கடுக்காக வீதம் மாறும், 500-ஐத் தாண்டினால் அடுக்குகளே மாறி பில் ஒரு துள்ளு துள்ளும். கோடு பல இடத்தில் மடியும், ஓரிடத்தில் அறுந்தே போகும். சாய்வு நன்றாகப் புரிந்த பிள்ளைக்கு அது அருமையான கணக்கு. முதல் நாளுக்கு ஆகாது.

பிள்ளைக்குப் புரிந்ததா என்று பார்க்க இரண்டு கேள்வி போதும். குறைந்தபட்சக் கட்டணத்தை மட்டும் 25-இலிருந்து 40 ஆக்கினால் கோடு என்ன ஆகும்? (சாய்வு மாறாமல் அப்படியே 15 மேலே தூக்கி வைத்ததுபோல் நகரும், இணைகோடு.) கி.மீ. கட்டணத்தை மட்டும் 12-இலிருந்து 18 ஆக்கினால்? (1.8, 25 என்ற புள்ளி அசையாது. அங்கிருந்து கோடு இன்னும் செங்குத்தாகும்.) விரலால் காற்றில் வரைந்து காட்டினாலும் சரி, அந்தப் பிள்ளை சூத்திரத்துக்குத் தயார்.

கோட்டின் சமன்பாட்டில் எந்த வடிவம்?

பத்தாம் வகுப்புப் புத்தகம் வரிசையாக நிறைய வடிவங்களைத் தருகிறது: சாய்வு வெட்டுத்துண்டு வடிவம், புள்ளி சாய்வு வடிவம், இரு புள்ளி வடிவம், வெட்டுத்துண்டு வடிவம், பொது வடிவம். எல்லாவற்றையும் ஒரே எடையில் மனப்பாடம் செய்வதுதான் வழக்கம். என்னைக் கேட்டால் புள்ளி சாய்வு வடிவமும் பொது வடிவமும் கைவசம் இருந்தால் மற்றவை தானாக வரும்.

ஒய் = எம்எக்ஸ் + சி என்பதற்குத்தான் (எம் சாய்வு, சி ஒய் வெட்டுத்துண்டு) புகழ் அதிகம். (அமெரிக்கப் புத்தகங்களில் சி இருக்கும் இடத்தில் பி இருக்கும், காணொளி பார்த்துப் படிக்கும் பிள்ளைக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள்.) பார்த்தவுடன் சாய்வும் வெட்டுத்துண்டும் தெரியும், வரைவது சுலபம். செல்சியஸ் ஃபாரன்ஹீட் உறவுக்கு இது அச்சாகப் பொருந்தும்: ஃபாரன்ஹீட் = 1.8 × செல்சியஸ் + 32. இங்கே 32 என்பது தண்ணீர் உறையும் வெப்பநிலை, உண்மையான அர்த்தம் உள்ள எண். ஆனால் ஆட்டோ கட்டணத்தை இதே வடிவில் எழுதினால் 12 × தூரம் + 3.4 என்று வரும். 3 ரூபாய் 40 காசு யாரும் யாருக்கும் கொடுப்பதில்லை. புள்ளி சாய்வு வடிவில் எழுதிப்பாருங்கள்: கட்டணம் − 25 = 12 × (தூரம் − 1.8). அரசாணையில் உள்ள மூன்று எண்களும் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. தெரிந்த ஓர் இடத்திலிருந்து, தெரிந்த வேகத்தில் போவதுதான் கோடு என்பதை இந்த வடிவம் நேரடியாகச் சொல்கிறது.

இரு புள்ளி வடிவத்தைத் தனியாகப் படிக்கவேண்டிய அவசியமே இல்லை. சாய்வைக் கண்டுபிடி, ஒரு புள்ளியை எடுத்துப் புள்ளி சாய்வில் போடு. அதேதான். ஒரு படி கூடுதல், ஆனால் நினைவில் வைக்க ஒன்று குறைவு.

பொது வடிவத்துக்கு (ஏஎக்ஸ் + பிஒய் + சி = 0) இடம் ஏன் என்றால், செங்குத்துக் கோட்டை எம்எக்ஸ் + சி வடிவில் எழுதவே முடியாது, பொது வடிவில் முடியும். அதோடு வரவு செலவுக் கணக்குகள் இயல்பாகவே இப்படித்தான் வரும். டீ 12 ரூபாய், வடை 10 ரூபாய், கையில் 60 ரூபாய் என்றால் 12 × டீ + 10 × வடை = 60. டீ மட்டும் வாங்கினால் 5, வடை மட்டும் வாங்கினால் 6. இரண்டு வெட்டுத்துண்டும் கிடைத்துவிட்டன, புள்ளி வைத்து இணைத்தால் கோடு தயார். சாய்வு −6/5: ஐந்து டீ வேண்டுமென்றால் ஆறு வடையை விடவேண்டும். வேடிக்கை என்னவென்றால், சில்லறை மிச்சமில்லாமல் 60 ரூபாயும் தீரவேண்டும் என்றால் அந்த இரண்டு முனைகள் மட்டும்தான் வழி. நடுவில் முழு எண்ணில் ஒரு புள்ளிகூட இல்லை. கோட்டில் உள்ள எல்லாப் புள்ளியும் விடை ஆகிவிடாது என்பதைப் பேச இது நல்ல சந்தர்ப்பம். வெட்டுத்துண்டு வடிவத்தையும் இதே கணக்கில் ஒருமுறை காட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆதிப்புள்ளி வழியாகப் போகும் கோட்டுக்கும், அச்சுகளுக்கு இணையான கோட்டுக்கும் அது உதவாது.

இரண்டு சமன்பாடுகளைச் சேர்த்துத் தீர்ப்பதில் நீக்கல் முறை போதும், ஒரு மாறிக்குக் கெழு (முன்னால் நிற்கும் எண்) 1 இருந்தால் பிரதியிடல் வசதி. குறுக்குப் பெருக்கல் முறையைச் சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புப் பாடச் சுருக்கத்தில் எடுத்தேவிட்டார்கள். சமச்சீர் ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறது, கேட்டால் போடத் தெரிந்தால் போதும். ஆனால் சாய்வு தெரிந்தபிறகு அந்த விகித நிபந்தனைகளுக்கு ஒருமுறை திரும்பிப் போகவேண்டும். 2எக்ஸ் + 3ஒய் = 6, 4எக்ஸ் + 6ஒய் = 18. இரண்டுக்கும் சாய்வு −2/3. ஒய் அச்சை ஒன்று 2-இலும் மற்றது 3-இலும் வெட்டுகிறது. ஒரே சாய்வு, வேறு வேறு இடம், ஆக எப்போதும் சந்திக்காது, தீர்வு இல்லை. பத்தாம் வகுப்பு சிபிஎஸ்இ பிள்ளைக்குச் சாய்வு பாடத்தில் இல்லையே என்று விடாமல் ஒரு மாலை ஒதுக்கிச் சொல்லிக்கொடுத்துவிடுவது லாபம் என்று நான் சொல்வது இதற்காகத்தான். மூன்று நிபந்தனைகளும் ஒரே படமாகிவிடும்.

கிராஃப் தாளா, செயலியா?

முதலில் தாள். அளவுத்திட்டத்தைத் தானே முடிவுசெய்து, அச்சில் எண் எழுதி, பென்சிலால் கட்டம் எண்ணிப் புள்ளி வைத்தால்தான் 'ஒன்று வலப்பக்கம், பன்னிரண்டு மேலே' என்பது கைக்கு வரும். தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் எப்படியும் கையால்தான் வரையவேண்டும். அதன்பிறகு டெஸ்மாஸ் அல்லது ஜியோஜீப்ரா. இரண்டும் இலவசம், செல்போனிலேயே ஓடும். எம்முக்கு ஒரு நகர்த்தி, சிக்கு ஒரு நகர்த்தி வைத்து இழுத்தால் கோடு சுழல்வதும் நகர்வதும் கண்முன்னே தெரியும். இதைத் தாளில் காட்ட இருபது கோடு வரையவேண்டும். அமெரிக்காவில் படிக்கும் பிள்ளைக்கு டெஸ்மாஸ் பழக்கம் இன்னும் முக்கியம், ஏனென்றால் கணினிவழி எஸ்ஏடி தேர்வில் அதுவே உள்ளே இருக்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: செயலியில் ஒரு அச்சை மட்டும் நீட்டினால் அதே கோடு செங்குத்தாகவோ படுத்தோ தெரியும். கண்ணை நம்பாமல் அச்சில் உள்ள எண்ணைப் படிக்கப் பழக்குங்கள்.

யாருக்கு எது

ஒன்பதாம் வகுப்பு முடித்து விடுமுறையில் இருக்கும் சமச்சீர் பிள்ளைக்கு மீட்டர் கட்டணம், பிறகு சூத்திரம், பள்ளி திறந்தபின் புத்தகத்தோடு கோணம். அப்போது டேன் தீட்டா என்பது 'எதிர்ப்பக்கம் வகுத்தல் அடுத்துள்ள பக்கம்' என்ற, ஏற்கெனவே தெரிந்த அதே வகுத்தல்தான் என்று ஒரு படத்தில் காட்டிவிடலாம்.

பரீட்சை பக்கத்தில் இருந்தால் சூத்திரம், இரண்டு பத்திப் பழக்கம், கூட்டல் கழித்தல் குறிகளில் வரும் பிழைகளுக்குப் பயிற்சி, இரண்டு கோடுகளின் சாய்வுகளைப் பெருக்கினால் −1 என்றால் அவை ஒன்றுக்கொன்று செங்குத்து என்ற விதி. அவ்வளவே.

அமெரிக்காவில் படிக்கும் பிள்ளைக்கு வீதம் பள்ளியிலேயே வந்துவிடுகிறது. வீட்டில் பார்க்கவேண்டியது பின்னமும் குறை எண்ணும். சாய்வு −3/4 என்றால் என்ன என்று அழகாக விளக்கிவிட்டு, 5 − (−3) இல் தடுமாறினால் பயனில்லை. பொது வடிவிலிருந்து எம்எக்ஸ் + சிக்கு மாற்றும் கணக்குகளை இங்கிருந்து போகும் தாத்தா பாட்டிகூடப் போட்டுத் தரலாம்.

பள்ளியை விட்டு வருடக்கணக்காகி, வேலைக்காகவோ புள்ளியியலுக்காகவோ திரும்பவும் படிக்க வருபவர்களுக்கு இரண்டு வாரப் பாடம் வேண்டாம். செல்சியஸில் 0, 20, 37, 100; ஃபாரன்ஹீட்டில் 32, 68, 98.6, 212. இந்த எட்டு எண்ணை எக்செலில் இரண்டு பத்தியாக அடித்து வரைபடம் போடுங்கள், கையால் சாய்வைக் கணக்கிடுங்கள், பிறகு 'ஸ்லோப்' என்ற சார்பைக் கொடுத்துச் சரிபாருங்கள். அந்தச் சார்பு முதலில் ஒய் பத்தியையும் அடுத்து எக்ஸ் பத்தியையும் கேட்கும். மாற்றிக் கொடுத்தால் எந்த எச்சரிக்கையும் வராது, ஒரு எண்ணைத் தந்துவிடும். 1.8-க்குப் பதில் 0.55 சொச்சம் வந்தால் பத்திகளை மாற்றிக் கொடுத்திருக்கிறீர்கள்.